அத்தியாயம் 7: பிள்ளைகள் கையால் வீட்டாருக்கு ஒரு பரிசு

பிள்ளைகள் பரிசு செய்கிறார்கள் என்றால் பல வீடுகளில் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஜிகினாத் தூள் மூன்றும்தான் வெளியே வரும். வாழ்த்து அட்டை தயாராகும். வாங்கியவர் மனம் குளிர்ந்து போவார். நாலு நாள் அலமாரிக் கண்ணாடியில் சொருகியிருக்கும். பிறகு பழைய பேப்பரோடு போய்விடும். அட்டை செய்வதில் தவறில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையால் இதைவிடப் பெரிய காரியம் செய்ய முடியும்: வீட்டில் ஒருவர் தினமும் கையில் எடுக்கிற பொருளைச் செய்து கொடுக்க முடியும்.

இந்த அத்தியாயத்தில் ஐந்து பரிசுகள் இருக்கின்றன: அச்சுக் குத்திய மஞ்சப்பை, மூக்குக்கண்ணாடி உறை, பல்லாங்குழித் துணி, போன் நம்பர் அட்டை, ஒரு டப்பா மாலாடு. எல்லாம் வீட்டில் கிடப்பதையும் பக்கத்துக் கடையில் கிடைப்பதையும் வைத்துச் செய்யக்கூடியவை. கூட இருக்கும் பெரியவராகிய நீங்கள் அம்மாவோ அப்பாவோ, லீவுக்கு வந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சித்தியோ, யாராக இருந்தாலும் சரி. கத்தி, அடுப்பு, மிக்சி, இஸ்திரிப் பெட்டி ஆகிய நான்கும் உங்கள் பொறுப்பு. மற்ற வேலை எல்லாம் பிள்ளையுடையது.

## முதலில் ஆளைக் கவனிக்க வேண்டும்

எதைச் செய்வது என்று யோசிக்கும் முன் யாருக்கு என்று முடிவாக வேண்டும். இந்த வரிசை மாறினால்தான் யாருக்கும் உதவாத பொருள்கள் உருவாகின்றன.

1. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "எல்லாருக்கும் செய்யப் போறேன்" என்று தொடங்கும் பிள்ளை இரண்டாவது பொருளிலேயே களைத்துவிடும்.
2. இரண்டு மூன்று நாள் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். எதை அடிக்கடி தேடுகிறார்? எதைச் செய்யும்போது சிரமப்படுகிறார்? எதைப் பற்றிப் பேசினால் முகம் மலர்கிறது?
3. பார்த்ததைப் பிள்ளை தன் வாயால் உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் ஏற்கெனவே கவனித்ததாக இருந்தாலும் குறுக்கே சொல்லாதீர்கள்.
4. அதன்பிறகு பொருளை முடிவு செய்யுங்கள்.

ஆச்சி மத்தியானம் பேப்பர் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறார். தூங்கி எழுந்ததும் போர்வையை உதறி, பாயைத் தூக்கி, "இங்கதானடா வெச்சேன்" என்று தேடுகிறார். இதை ஒரு பிள்ளை கவனித்துவிட்டால் என்ன பரிசு என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தக் கவனிப்புதான் வேலையில் பாதி என்பது என் உறுதியான எண்ணம். கையில் பொருள் வந்ததும் ஆச்சிக்குத் தையலைவிட முதலில் தெரியப்போவது, தான் தேடியதைப் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான்.

## எப்போது தொடங்குவது

பிறந்தநாள், மணிவிழா, தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எதுவானாலும் 10 நாள் முன்பே தொடங்குங்கள். நட்சத்திரப்படி பிறந்தநாள் கொண்டாடும் பெரியவர்களுக்கு ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும் என்பதால் பஞ்சாங்கத்தையோ நாள்காட்டியையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாலாடு மட்டும் கொடுப்பதற்கு முந்தின நாள் செய்தால் போதும்.

ஒரு நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம். கடைசி இரவில் தொடங்கினால் பாதி வேலையைப் பெரியவர்தான் முடிப்பார். காலையில் பிள்ளை அதைத் தன் பரிசு என்று சொல்லத் தயங்கும்.

## வயதுக்குத் தகுந்த வேலை

4, 5 வயது: அச்சுக் குத்துவது, உருண்டை பிடிப்பது, கொட்டை எண்ணுவது.

6 முதல் 8 வயது: மேலே சொன்னவற்றோடு, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவது, பெரிய எழுத்தில் எழுதுவது, பித்தான் தைப்பது (பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்).

9 வயதுக்கு மேல்: கைத்தையல் முழுவதும், துணியை அளந்து குறிப்பது, துணி வெட்டுவது.

பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும். ஆறு வயதில் அழகாக ஊசி பிடிக்கிற பிள்ளையும் உண்டு, பத்து வயதில் ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளையும் உண்டு. கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## பாதுகாப்பு: தொடங்கும் முன் படிக்க வேண்டியது

- ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வேலை நடக்காத நேரத்தில் ஊசி ஒரு சோப்புக்கட்டியிலோ ஊசி மெத்தையிலோ குத்தியிருக்க வேண்டும். கீழே விழுந்த ஊசியைக் கையால் துழாவக் கூடாது. ஒரு காந்தத்தைத் தரையோடு ஓட்டினால் ஒட்டிக்கொண்டு வரும்.
- குன்றிமணி வேண்டாம். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகாக இருப்பதால் கைவினைக்கு எடுக்கத் தோன்றும். அதில் இருப்பது கடும் நஞ்சு. உடைந்த, துளையிட்ட, மெல்லப்பட்ட குன்றிமணி உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே.
- மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் பித்தான், மணி, புளியங்கொட்டை எதையும் தரையில் விடாதீர்கள். தொண்டையில் அடைக்கும்.
- பாட்டுப் பாடும், விளக்கு எரியும் அட்டைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிள்ளைகளின் கைவினைக்குப் பயன்படுத்த வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
- சூட்டுப் பசைத் துப்பாக்கி பிள்ளை கையில் வேண்டாம். இந்த ஐந்து பரிசுக்கும் அது தேவையே இல்லை.

## பரிசு 1: அச்சுக் குத்திய மஞ்சப்பை

கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு வாங்கிவந்த மஞ்சப்பை ஒரு காலத்தில் எல்லா வீட்டு ஆணியிலும் தொங்கியது. நடுவில் பிளாஸ்டிக் பை அந்த இடத்தைப் பிடித்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தையும் வைத்தார்கள். ஆகவே வெறும் பை கிடைப்பது சுலபம். வீட்டில் காய்கறி வாங்கப் போகிறவர் யாரோ அவருக்கான பரிசு இது.

வேண்டியவை: அச்சு இல்லாத மஞ்சப்பை அல்லது காடாத்துணிப் பை, துணிக்கான பெயின்ட் இரண்டு நிறம், தட்டையான பழைய தட்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் (புதிது), பையின் அளவுக்கு ஓர் அட்டை, வெண்டைக்காய், வெங்காயம், வாழைத்தண்டு, உருளைக்கிழங்கு.

மஞ்சள் துணியில் கருநீலம், அரக்கு, கரும்பச்சை எடுப்பாக இருக்கும். வெளிர் நிறங்கள் தெரியாது.

செய்முறை

1. பையை முதலில் துவைத்துக் காய வையுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அதன்மேல் குத்திய பெயின்ட் நாலு சலவையில் உரிந்து போகும். மஞ்சள் சாயமும் முதல் தண்ணீரில் போகலாம் என்பதால் தனியாகத் துவையுங்கள்.
2. காய்ந்த பையை இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுங்கள்.
3. அட்டையைப் பைக்குள் நுழைத்து விரியுங்கள். இதை மறந்தால் முன்பக்க பெயின்ட் ஊறிப் பின்பக்கத்தில் திட்டாகத் தெரியும்.
4. காயை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். வெண்டைக்காயை முனையிலிருந்து மூன்று விரல் தள்ளி ஒரே வீச்சில் நறுக்கினால் வெட்டுமுகம் பூவாக வரும். பெரும்பாலும் ஐந்து இதழ். முற்றல் காய் நல்லது. பிஞ்சு அழுத்தினால் நசுங்கும். காம்பை விட்டுவையுங்கள், பிள்ளைக்கு அதுதான் பிடி.
5. வெட்டிய பக்கத்தைப் பழைய பேப்பரில் கவிழ்த்துக் கால் மணி நேரம் வையுங்கள். வெண்டைக்காயின் வழவழப்பும் வெங்காயத்தின் நீரும் பேப்பரில் இறங்கட்டும். ஈரத்தோடு குத்தினால் இதழ் எல்லாம் ஒன்றாகக் கரைந்து வெறும் வட்டம்தான் விழும்.
6. ஸ்பாஞ்சைத் தட்டில் வைத்து, அதன்மேல் இரண்டு ஸ்பூன் பெயின்ட் விட்டுப் பரப்புங்கள். காயை இதன்மேல்தான் ஒற்ற வேண்டும், பெயின்ட் டப்பாவில் முக்கக் கூடாது.
7. முதலில் பேப்பரில் பழகட்டும். ஒற்ற, வைக்க, அழுத்த, நேராக மேலே எடுக்க. இந்த நாலும் கைக்கு வந்தபிறகு பைக்குப் போங்கள்.
8. பையின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மேலே போகட்டும். மேலிருந்து வந்தால் ஈர அச்சின்மேல் முழங்கை படும்.
9. முடிந்ததும் அட்டையை எடுக்காமல் நிழலில் 24 மணி நேரம் உலர விடுங்கள்.
10. மறுநாள் பையை உள்பக்கம் வெளியே திருப்பி, மேலே ஒரு மெல்லிய துணி விரித்து இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால்தான் பல பெயின்ட்கள் துணியைப் பிடிக்கும். எவ்வளவு நேரம் என்று டப்பாவில் போட்டிருக்கும். அதன்பிறகும் மூன்று நாள் துவைக்க வேண்டாம்.

எழுத்து வேண்டுமானால்: உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி எழுத்தைச் செதுக்கலாம். ஆனால் அச்சில் எழுத்து தலைகீழாக அல்ல, இடவலமாகத் திரும்பி விழும். மெல்லிய காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, காகிதத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற வடிவத்தைத்தான் செதுக்க வேண்டும். செதுக்குவது உங்கள் வேலை. 'ட', 'ப' போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் சுலபம். 'ஐ', 'ண' போன்றவற்றுக்குக் கத்தி திரும்பாது, விட்டுவிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- வாட்டர் கலரோ போஸ்டர் கலரோ பயன்படுத்துவது. முதல் சலவையில் பை வெறுமையாகிவிடும்.
- அழுத்திய காயை நகர்த்துவது. அச்சு இரட்டையாக விழும்.
- அச்சு வெளிறுகிறது என்று அதே இடத்தில் மறுபடி குத்துவது. சரியாகப் பொருந்தவே பொருந்தாது. வெளிறிய அச்சும் அழகுதான், விட்டுவிடுங்கள்.
- பை முழுக்க நிரப்புவது. மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருந்தால்தான் பூ பூவாகத் தெரியும்.

> குறிப்பு: கைதவறி ஒரு சொட்டு விழுந்தால் துடைக்க வேண்டாம், பரவும். காய்ந்ததும் அதன்மேல் ஒரு வெண்டைப் பூவைக் குத்திவிடுங்கள்.

## பரிசு 2: மூக்குக்கண்ணாடி உறை

ஐந்தில் கடினமானது இதுதான், ஆனால் கொடுத்தபின் அதிகம் புழங்குவதும் இதுதான். 9 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஏற்றது.

வேண்டியவை: வெளித்துணிக்குப் பழைய நூல் புடவை (பளிச்சென்ற நிறம்), உள்துணிக்குப் பல சலவை கண்ட வேட்டித் துணி, தையல் ஊசி, வெளித்துணிக்கு மாறான நிறத்தில் நூல், ஒரு பெரிய பித்தான், இஞ்ச் டேப், சாக்பீஸ்.

துணி தேர்விலேயே பாதி வெற்றி. பழுப்பு, சாம்பல் நிறங்கள் போர்வையோடு கலந்து மறைந்துவிடும். பார்வை குறைந்தவர் கண்ணில் சட்டென்று பட மாம்பழ மஞ்சளோ கிளிப்பச்சையோ வேண்டும். உள்துணியில் சரிகை வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும்.

செய்முறை

1. யாருக்குத் தெரியாமல் செய்கிறீர்களோ அவர் தூங்கும்போது கண்ணாடியை மடித்த நிலையில் அளந்துகொள்ளுங்கள். கீழே வரும் அளவு 16 செ.மீ. நீளம் வரையுள்ள கண்ணாடிக்குப் போதும். பெரிதாக இருந்தால் அதற்கேற்பக் கூட்டுங்கள்.
2. இரண்டு துணியிலும் 22 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் குறித்து வெட்டுங்கள்.
3. வெளித்துணியின் நல்ல பக்கம் கீழே, அதன்மேல் உள்துணி. ஓரம் ஓரத்தோடு சேர வேண்டும். நான்கு மூலையிலும் குண்டூசி குத்துங்கள்.
4. மேல் ஓரத்தை, இரண்டு துணியையும் சேர்த்தே, உள்துணிப் பக்கமாக 1.5 செ.மீ. மடித்து நூலோட்டம் போடுங்கள். மேலும் கீழுமாக ஊசி போய்வரும் சாதாரணத் தையல்தான். ஒரு தையலுக்கு அரை செ.மீ. போதும்.
5. இப்போது அகலத்தைப் பாதியாக மடியுங்கள். உள்துணி வெளியே தெரிய வேண்டும், பளிச்சென்ற துணி உள்ளே மறைய வேண்டும். பிள்ளைக்கு இது குழப்பமாகத் தோன்றும். திருப்பினால் சரியாகிவிடும் என்று சொல்லிவையுங்கள்.
6. அடிப்பக்கத்தையும் திறந்திருக்கும் பக்கவாட்டையும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். மேலே மடித்துத் தைத்த பக்கம் வாய், அதை மூடிவிட வேண்டாம். இங்கே நூலோட்டம் போதாது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் முன்னால் எடுக்கும் பின்தையல்தான் தாங்கும்.
7. கீழ் மூலைகளைத் தையலுக்கு வெளியே சாய்வாக வெட்டிவிடுங்கள். தையலை வெட்டிவிடாமல் கவனம்.
8. உறையை உள்வெளியாகத் திருப்புங்கள். மூலைகளைப் பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளி எடுங்கள்.
9. வாய்க்கு அருகில் வெளிப்பக்கம் பெரிய பித்தானைத் தைக்கச் சொல்லுங்கள். இது மூடுவதற்காக இல்லை. இருட்டில் கைபட்டதும் எது உறை, எது வாய்ப்பக்கம் என்று விரலுக்குத் தெரிவதற்காக. முன்துணியை மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும். பின்துணியும் சேர்ந்தால் வாய் அடைபட்டுவிடும்.
10. குண்டூசிகளை எண்ணி எடுங்கள். நாலு குத்தினால் நாலும் வெளியே வர வேண்டும். உறைக்குள் விரலை விடும் முன் காந்தத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நூல் சிக்காமல் இருக்க: பிள்ளையின் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நூல் எடுத்தால் போதும். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுக்கும் நூலில்தான் முடிச்சு விழும். நூல் நுனியைச் சாய்வாக வெட்டினால் ஊசிக் காதில் எளிதாக நுழையும்.

கோணல் தையலை என்ன செய்வது? நெளிந்த தையல், நீளம் மாறிய தையல், தெரியும் முடிச்சு எல்லாம் அப்படியே இருக்கட்டும். இழுத்தால் பிரியும் தையலை மட்டும் காட்டி, "இந்த இடம் பிரியும் போல இருக்கே, இன்னொரு தடவை போடலாமா?" என்று கேளுங்கள். பிள்ளை தூங்கியபின் தையலைப் பிரித்து நேராகத் தைத்து வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பிள்ளைகள் தங்கள் தையலை அடையாளம் கண்டுகொள்வார்கள். மாற்றியிருப்பது தெரிந்த பிள்ளை அடுத்தமுறை ஊசியை உங்களிடமே நீட்டிவிடும்.

## பரிசு 3: பல்லாங்குழித் துணி

மரப் பலகை இல்லாத வீட்டிலும் பாட்டியோடு உட்கார்ந்து ஆட இது போதும். பாட்டிக்கும் கொடுக்கலாம், தம்பி தங்கைக்கும் கொடுக்கலாம். எப்படியும் ஆட இருவர் வேண்டும்.

1. 80 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பருத்தித் துணி எடுங்கள். பழைய துண்டு ஒன்றின் பாதி சரியாக வரும்.
2. 7 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் மூடி ஒன்றின் விளிம்பைப் பெயின்டில் ஒற்றி வட்டம் வட்டமாகக் குத்துங்கள். வரிசைக்கு 7 வட்டம், இரண்டு வரிசை, மொத்தம் 14. வட்டங்களுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும்.
3. மஞ்சப்பையில் சொன்னபடியே உலர்த்தி இஸ்திரி போடுங்கள்.
4. குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை வேண்டும். காணாமல் போகும் என்பதால் 80 எடுத்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.
5. கொட்டைகளைப் போட ஒரு சுருக்குப் பை.

ஆட்ட விதிகள் வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும். குழிக்கு 4 போடுவார்கள், 6 போடுவார்கள், குழியில் சேரும் கொட்டைகளைப் 'பசு' என்று எடுத்துக்கொள்வதிலும் வேறுபாடு உண்டு. நீங்கள் விதி எழுதி வைக்க வேண்டாம். கொடுக்கும் நாளில் பாட்டியையே சொல்லச் சொல்லிப் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

## பரிசு 4: போன் நம்பர் அட்டை

எப்போதுமோ பகலில் மட்டுமோ தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்கு. செல்போன் சார்ஜ் தீர்ந்தபோதும், பக்கத்து வீட்டு போனிலிருந்து பேச வேண்டியிருக்கும்போதும் சுவரில் இருக்கும் எண்தான் கைகொடுக்கும்.

1. வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் அட்டையில் கறுப்பு மார்க்கரால் எழுதட்டும். எழுத்தும் எண்ணும் குறைந்தது 2 செ.மீ. உயரம்.
2. 8 பேருக்கு மேல் வேண்டாம்.
3. பத்து இலக்கத்தை 5, 5 ஆகப் பிரித்து எழுதுங்கள்.
4. தாத்தா எப்படி அழைப்பாரோ அப்படியே பெயர் இருக்கட்டும்: "பெரியவன்", "மாடி வீட்டு அம்மா", "மருந்துக்கடை".
5. பெயருக்குப் பக்கத்தில் படம் வரையலாம் அல்லது போட்டோ ஒட்டலாம். எழுத்தைவிட முகம் சீக்கிரம் பிடிபடும்.
6. அடியில் மூன்று எண்கள்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, முதியோர் உதவி எண் 14567.
7. எழுதி முடித்ததும் சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் எண்களுக்கு மட்டும் பிள்ளையே போன் போட்டுச் சரிபார்க்கட்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அட்டை பயனில்லை. அவசர எண்களுக்குச் சோதனைக்காக அழைக்கக் கூடாது.

ஏடிஎம் ரகசிய எண், பேங்க் கணக்கு எண் எதையும் இதில் எழுத வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தால் நெடுநாள் வரும். ஆனால் பளபளப்பில் வெளிச்சம் அடித்துக் கண் கூசும் என்பதால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள். மாட்டும் உயரம் தாத்தாவின் கண் மட்டம், உட்கார்ந்து பேசுகிறவரானால் உட்கார்ந்த கண் மட்டம்.

## பரிசு 5: ஒரு டப்பா மாலாடு

பாகு காய்ச்ச வேண்டாம், எண்ணெயில் பொரிக்க வேண்டாம். பிள்ளைகளோடு செய்ய இதைவிடத் தோதான பலகாரம் எனக்குத் தெரியவில்லை. வாங்குபவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். முந்திரி ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு: பொட்டுக்கடலை 1 டம்ளர், சர்க்கரை முக்கால் டம்ளர், நெய் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூட, ஏலக்காய் 3, முந்திரி 10.

1. பிள்ளை பொட்டுக்கடலையைத் தட்டில் பரப்பித் தோல், கல் பார்க்கட்டும்.
2. நீங்கள் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் சூடு காட்டி இறக்குங்கள். நிறம் மாறக் கூடாது.
3. முழுக்க ஆறியபின் மிக்சியில் நைசாக அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் மாவு ஜாரில் அப்பிக்கொள்ளும். சர்க்கரையையும் ஏலக்காயையும் தனியாகப் பொடியுங்கள்.
4. இரண்டையும் பிள்ளை சலித்து ஒன்றாகக் கலக்கட்டும். இதில் சிந்தும், பரவாயில்லை. கீழே பேப்பர் விரித்துவிடுங்கள்.
5. நீங்கள் நெய்யைக் காய்ச்சி முந்திரியை வறுத்து மாவில் சேருங்கள். நெய்யை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தடவையாக ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள்.
6. உங்கள் உள்ளங்கையில் ஒரு பிடி வைத்துப் பாருங்கள். இதமான சூட்டுக்கு வந்தபின்தான் பிள்ளை தொட வேண்டும்.
7. எலுமிச்சம்பழ அளவில் அழுத்திப் பிடிக்கட்டும். உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் சூடான நெய் சேருங்கள். நெய் கூடிப்போய்ச் சரிந்தால் கொஞ்சம் அரைத்த பொட்டுக்கடலை மாவு சேர்த்தால் நிற்கும்.

சிறியதும் பெரியதுமாக வரும். எல்லாவற்றையும் ஒரே அளவாக மாற்றிப் பிடிக்க வேண்டாம். ஆறியபின் ஈரமில்லாத டப்பாவில் அடுக்கி, செய்த தேதியைப் பிள்ளையின் கையெழுத்தில் எழுதி ஒட்டுங்கள். 10 நாளுக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.

## கட்டுவதும் கொடுப்பதும்

பளபளக்கும் பிளாஸ்டிக் தாள் தேவையில்லை. பழைய பேப்பரில் மீந்த பெயின்டால் நாலு வெண்டைப் பூ குத்தினால் அதுவே பொதி காகிதம். செலோடேப்புக்குப் பதில் சணல் கயிறு போதும். வயதானவர்களின் விரலுக்கு முடிச்சை அவிழ்ப்பது சுலபமாக இருக்கும்படி ஒற்றை உருவு முடிச்சாகப் போடுங்கள்.

கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் பிள்ளை இரண்டு வரி எழுதட்டும். நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வைக்காதீர்கள். "நீ தேடக் கூடாதுன்னு" என்று மட்டும் எழுதினாலும் போதும். எழுத்துப் பிழையைத் திருத்த இது நேரமில்லை.

கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "எப்படிச் செஞ்சேன்னு சொல்லு" என்று கேட்பதைத் தவிருங்கள். கூச்சப்படுகிற பிள்ளை கொடுத்துவிட்டு ஓடிவிடும், ஓடட்டும். வாங்குகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: பத்திரமாகப் பூட்டி வைக்காமல் அன்றைக்கே புழங்கத் தொடங்க வேண்டும். பீரோவுக்குள் போன மஞ்சப்பையைப் பிள்ளை மறுநாளே கவனிக்கும்.

வெளியூருக்கு அனுப்புவதானால் மாலாட்டைத் தவிர மற்ற நான்கும் தபாலுக்கு ஏற்றவை. போன் அட்டை மடங்காமலிருக்க இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள். புளியங்கொட்டைப் பையின் வாயை இரண்டு முறை சுற்றிக் கட்டுங்கள். முகவரியைப் பிள்ளை எழுதினால் பின்கோடை மட்டும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## கொடுத்தபின்

துணிப் பொருள்கள் தேயும். மஞ்சப்பையை உள்வெளியாகத் திருப்பித் துவைத்து நிழலில் காயப்போட்டால் அச்சு நெடுநாள் நிற்கும். கண்ணாடி உறையில் முதலில் விட்டுப்போவது பித்தான், அடுத்தது வாய் ஓரத் தையல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இழுத்துப் பாருங்கள். போன் அட்டையில் யாராவது எண் மாற்றினால் பழையதன்மேல் அடித்து எழுதாமல் அந்த வரிக்கு மேல் புதுத் துண்டு ஒட்டுங்கள். பழுது பார்க்கும் வேலைக்கும் செய்த பிள்ளையையே கூப்பிடுங்கள். ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் விதி அப்போதும் உண்டு.